கோபித்துக்கொண்ட தாய்மாமனின் குடல்

எருமப்பட்டி
3.2.2025

அம்மிணி ஜோதிக்கு,

உன் மகள் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் நான் கோபித்துக்கொண்டு வெளியே போகவில்லை. கக்கூஸில் இருந்தேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். நேரில் வரலாம் என்றால், இனி என் குரலே உன் காதில் விழக்கூடாது என்று திருச்செங்கோட்டு மலையில் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறாயாம். காகிதத்துக்குக் குரல் கிடையாது. சாமி குத்தம் வராது.

நடந்ததைச் சொல்கிறேன். நித்யஸ்ரீ நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டுகிற சீருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பட்டுவேட்டி, தலையில் கட்ட உருமால் எல்லாம் தயார். எழுந்து நின்றேன். அந்த நிமிஷம் பார்த்து வயிற்றுக்குள் யாரோ ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் மெஷினை ஓட்ட ஆரம்பித்தால் தண்ணீரைப் பார்க்காமல் நிறுத்த மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது நமது பங்காளி சின்னுசாமி எனக்குப் பதிலாகப் பட்டத்தைக் கட்டிவிட்டு, ஏதோ தேர்தலில் ஜெயித்தவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

பந்தியில் ஒருவர், "மாமங்காரர் எங்கீங்க போயிட்டாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "பத்திரிகையில பேரைக் கீழ போட்டா எந்த மனுசன் இருப்பான்?" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது, அம்மிணி. கோபித்துக்கொண்டு போன மாமனுக்கு நமது சனத்தில் ஒரு மரியாதை உண்டு. நாலு பெரியவர்கள் காரில் வந்து சமாதானம் பேசுவார்கள். வயிற்றால் போன மாமனுக்கு யார் வருவார்கள்? அதனால், ஆமாம், பேரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். முகம் அப்படியே நின்றுவிட்டது.

நோய் புதிதல்ல. மூன்று வருஷமாக வயிறுதான் எனக்கு மேலதிகாரி. காலையில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் பக்கத்து ஊர் பவித்திரத்தைத் தாண்டுவதற்குள் இறக்கிவிடும். உப்புசம், ஒரு முறுக்கு, போய் வந்தால் வலி அடங்கும், அரைமணி நேரத்தில் மறுபடி அழைப்பு வரும். துக்க வீட்டுக்குப் போனால்கூட, மாலை போடுவதற்கு முன்னால் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்த்துவைக்கிற நிலைமை.

சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்டது என் தப்பு. ராசு மாமா சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவருடைய யோக்கியதை என்ன? ராத்திரி எட்டுப் பரோட்டாவைச் சால்னாவோடு இறக்கிவிட்டு அப்படியே மல்லாந்து படுப்பார். நெஞ்சு எரிகிறது என்று விடியும்வரை எரிச்சல் மருந்தைப் பாட்டிலோடு கவிழ்ப்பார். புளித்தது தொண்டைவரை வந்து இருமுவதை நுரையீரல் கோளாறு என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சின்னுசாமியோ பூண்டு தின்னச் சொன்னார். விருந்து சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறதை ஒரு வருஷம் வாயு என்று பூண்டு தின்றே சமாளித்தவர், பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும் அறுத்து எடுத்து, அந்தக் கற்களை ஒரு மருந்து பாட்டிலில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். விருந்தாளிகளுக்கு முதலில் தண்ணீர், அப்புறம் கல்.

கடைசியில் சொந்த வைத்தியத்தில் இறங்கினேன். நாற்பதாயிரம் முட்டைக்கோழியின் எச்சத்தை முப்பது வருஷமாகப் பார்த்துப் பக்குவப்பட்ட கண் இது. பச்சையா, வெள்ளையா, நுரையா என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவேன். என் சமாச்சாரத்தையும் அதே கண்ணால் பார்த்து, ஈரல் மந்தம் என்று முடிவு செய்து, பண்ணையில் கோழிக்குத் தண்ணீரில் கலக்குகிற ஈரல் டானிக்கைத் தினமும் ரெண்டு மூடி குடித்து வருகிறேன். கோழிகள் நன்றாக இருக்கின்றன.

நீ சேலத்தில் குடல் ஆஸ்பத்திரியில், அந்த கேமரா விடுகிற அறையில் நர்ஸாக இருக்கிறாய். நான் சொன்னதை நம்பி, ஏதாவது மாத்திரை பேரை எழுதி அனுப்பு. நித்யஸ்ரீயிடம் மாமன் கோபமாக இல்லை என்று மட்டும் சொல். காரணம் சொல்ல வேண்டாம்.

அண்ணன்
வேலுமணி

பின்குறிப்பு: நாலைந்து தடவை கொஞ்சம் சிவப்பாகவும் போனது. மூலமாக இருக்கும்.


சேலம்
8.2.2025

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்கப் போவதில்லை. அதைத்தான் நீங்களே நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டீர்கள்.

உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டு எதிர்பார்க்க வேண்டாம். பத்திரிகையில் பேர் வைத்தது என் மாமனார். இந்த ஐந்து மாதமாக அவர், "நம்மளாலதான் அண்ணன் தங்கச்சி பேசறதில்லை" என்று சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயது மனிதர். அவரை அப்படி உட்கார வைத்துவிட்டு நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களாம். இறக்கி வையுங்கள், பார்க்கிற மாதிரியா இருக்கிறது அது.

கோழி டானிக்கை இன்றோடு நிறுத்துங்கள். அதை எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் டாக்டரிடம் யாரோ ஒரு நோயாளி என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

உங்கள் முன்பக்கக் கதை ஆயிரம் பேருக்கு இருப்பது. காலையில் அவசரம், உப்புசம், போனால் வலி அடங்குவது, ஊருக்குக் கிளம்பினால் அதிகமாவது, இதெல்லாம் எரிச்சல் கொண்ட குடல். பார்த்தால் புண் இருக்காது, ஆளைப் பாடாய்ப் படுத்தும், கொல்லாது. அதற்காக நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

பின்குறிப்புக்காகத்தான் எழுதுகிறேன். எல்லோரும் முக்கியமானதை முதலில் எழுதுவார்கள். நீங்கள் சின்னுசாமியண்ணன் கல்லைப் பற்றி ஒரு பாரா எழுதிவிட்டு, ரத்தத்தைக் கடைசியில் ஒட்டவைத்திருக்கிறீர்கள். எரிச்சல் குடலில் ரத்தம் வராது. எனக்குப் பதில் வேண்டும், கதை வேண்டாம். ரத்தம் மேலே சொட்டாக நிற்கிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா? எடை குறைந்திருக்கிறதா? தூக்கத்தில் எழுப்பி ஓட வைக்கிறதா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா? முட்டிவலிக்கு மாத்திரை விழுங்குகிறீர்களா? எந்த டாக்டராவது, மனிதர்களுக்கான டாக்டர், உங்களைப் பார்த்தாரா?

அப்பாவும் மூலம் என்றுதான் சொன்னார்.

ஜோதி


எருமப்பட்டி
14.2.2025

அம்மிணி,

டானிக்கை நிறுத்திவிட்டேன். பாதி பாட்டில் மிச்சம் இருந்தது, அது சேர வேண்டிய கோழிகளுக்கே சேர்ந்தது. உன் மாமனாருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதில் பத்திரிகை பிரமாதமாக இருந்தது, எழுத்து முத்து முத்தாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பதில்கள். தூக்கத்தில் எழுப்பாது. அந்த மட்டில் நாகரிகமான வியாதி. சிவப்பு கலந்துதான் வருகிறது. எடையைப் பார்க்கவில்லை, ஆனால் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன். உன் அண்ணி, "சட்டை ஆளைப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி இருக்குதுங்க" என்கிறாள். நல்ல உவமை, என் மனைவி என்பதால் வேறு வழியில்லாமல் ரசித்தேன். வெளியே போகிற நாளில் எதற்கு வம்பு என்று கஞ்சிதான் குடிக்கிறேன், அதில் குறைந்திருக்கும். ஷெட்டின் கடைசிவரை நடந்தால் மூச்சு வாங்குகிறது. முட்டிக்கு அப்பப்போ ஒரு மாத்திரை.

டாக்டரைப் பார்த்தேனா என்று கேட்டாய். ரெண்டு பேரைப் பார்த்தேன். நாமக்கல்லில் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹீமோகுளோபின் ஒன்பது என்று எழுதிக் கொடுத்தார். பத்துக்கு ஒன்பது போலிருக்கிறது என்று திருப்தியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் சேலம் போய்க் குடலை கேமராவில் பார்க்கச் சொன்னதும் எழுந்து வந்துவிட்டேன். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூலம், பவுத்திரம் என்று போர்டு போட்டிருப்பவர். "பாக்க வேண்டியதே இல்லைங்க, மூலம்தான்" என்றார். பார்க்காமலே சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பச்சை நிறத்தில் ஒரு லேகியம் கொடுத்தார். அதைத் தின்றதில் வயிற்றுப்போக்கு மட்டும் முன்னேறியது.

கேமராவுக்கு வர மாட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். இருந்தாலும் சொல்கிறேன்.

பண்ணையில் கோழி செத்தால் ஷெட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் அறுத்து, குடலை விரித்துப் பார்ப்போம். புள்ளி புள்ளியாக இருந்தால் ஒன்று, வீங்கி ரத்தமாக இருந்தால் இன்னொன்று. இத்தனை வருஷத்தில் எத்தனையோ குடல் பார்த்தாயிற்று. அப்படிப் பார்க்கப்பட்ட ஒரு கோழிகூட எழுந்து போய்த் தீவனம் தின்றதில்லை. குடலைப் பார்ப்பது என்றாலே என் கைக்கும் கண்ணுக்கும் அது முடிந்துபோனதற்குச் செய்கிற காரியம்தான். புத்திக்கு அப்படி இல்லை என்று தெரியும். புத்தி சொல்வதை நம் வீட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்?

அப்பாவை நினைத்துப் பார். கோவையில் வயிற்றைத் திறந்தார்கள். பார்த்தார்கள். மூடிக் கொடுத்துவிட்டார்கள். திறக்கும்வரை நடந்துகொண்டிருந்த மனிதர், அம்மிணி. உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கட்டும். மாத்திரை பேர் இருந்தால் எழுது.

வேலுமணி


சேலம்
17.2.2025

அண்ணன் அவர்களுக்கு,

மாத்திரை பேர் எழுதப் போவதில்லை. படித்ததும் கிழித்துப் போடலாம் என்று இருந்தேன், இவர்தான் தடுத்தார். "மச்சான் பயந்து போயிருக்காரு, நீ அவரைத் திட்டாத" என்றார். பயந்தவரைத்தான் திட்ட முடியும், பயப்படாதவர் எங்கே கேட்கப் போகிறார் என்றேன்.

செத்த கோழியை எதற்கு அறுத்துப் பார்க்கிறீர்கள்? மிச்சம் இருக்கிற கோழிகளைக் காப்பாற்றத்தானே. ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டால் அன்றைக்கே டாக்டரை வரச்சொல்லி, தீவனத்தை மாற்றி, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புகிறீர்கள். கூண்டில் நிற்கிற கோழிக்குக் கிடைக்கிற அக்கறை அண்ணிக்குத் தாலி கட்டியவருக்குக் கிடைப்பதில்லை. முட்டை போட்டிருந்தால் உங்கள் மேல் உங்களுக்கே கவனம் இருந்திருக்கும்.

அப்பாவைத் திறந்ததால் போகவில்லை. திறக்கும்போது அது ஈரல் வரைக்கும் ஏறியிருந்தது. மூலம் மூலம் என்று ரெண்டு வருஷம் லேகியம் தின்றார். அப்போது யாராவது உள்ளே பார்த்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே கிள்ளி எறிந்திருப்பார்கள். நான் அப்போது நர்ஸ் இல்லை. இப்போது இருக்கிறேன், அதனால்தான் இந்த எரிச்சல்.

இப்போது யாரும் அறுப்பதில்லை. விரல் மொத்தம் ஒரு குழாய், முனையில் கேமரா. லேசாக மயக்கம் கொடுப்பார்கள். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஐம்பது வயது தாண்டியவர், கலந்து வருகிற ரத்தம், எடைக் குறைவு, ரத்தசோகை, அப்பாவுக்கு இருந்தது. இதில் ஒன்று இருந்தாலே அனுப்பச் சொல்வார்கள். ஒன்பது என்பது பத்துக்கு இல்லை. பதிமூன்றுக்கு மேல் இருக்க வேண்டும்.

27ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ரெண்டு நாளைக்கு முன்பிருந்தே கீரை, கொட்டையுள்ள பழம், தோலோடு பயறு எதுவும் வேண்டாம். முந்தின நாள் இளநீர், வடிகட்டின ரசத் தண்ணீர், பால் இல்லாத டீ. சாயங்காலம் இதோடு அனுப்பியிருக்கும் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். முட்டிவலி மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள்.

வராவிட்டால் என்ன செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன். மல்லசமுத்திரம் முதல் எருமப்பட்டி வரை நமது சனம் மொத்தத்துக்கும், அன்றைக்கு முகூர்த்தத்தில் மாமன் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லுவேன். முதல் போன் ராசு மாமாவுக்கு. அவர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

ஜோதி


எருமப்பட்டி
1.3.2025

அம்மிணி,

மிரட்டிக் காரியம் சாதிப்பதில் நீ அம்மாவைத் தாண்டிவிட்டாய்.

பவுடரைப் பற்றி முதலில் எழுத வேண்டும். எலுமிச்சை வாசனை என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. எழுதினவன் எலுமிச்சையைக் கேள்விப்பட்டிருக்கிறான், பார்த்ததில்லை. நாலு தம்ளர் வரை ஒன்றும் நடக்கவில்லை, இதெல்லாம் பட்டணத்து வயிற்றுக்குத்தான் என்று உன் அண்ணியிடம் பெருமை பேசினேன். பாதிப் பேச்சில் எழுந்து போனவன் சாயங்காலம் முழுக்க வெளியே வரவில்லை. மூன்று வருஷமாக என் வயிறு செய்ததெல்லாம் ஒத்திகை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரியும், பக்கத்திலேயே நின்றாய். ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேள். என் குரல் உன் காதில் விழக்கூடாது என்ற சத்தியத்தை மதித்துத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சின்ன டாக்டர் பேர் என்ன என்று கேட்டார், கையில் கட்டியிருந்த பட்டையைக் காட்டினேன். வலி எங்கே என்றார், தொட்டுக் காட்டினேன். "ஐயாவுக்குப் பேச வராதுங்களா சிஸ்டர்?" என்று உன்னிடம் கேட்டார். நீ முகக்கவசத்துக்குள்ளிருந்து, "வருமுங்க டாக்டர், அதுதான் இவருக்கு முக்கிய வியாதியே" என்றாய். அத்தனை நர்ஸுகள் முன்னால். பின்பக்கம் திறந்த கவுனில் படுத்திருக்கிற ஒரு மனிதனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மயக்க மருந்து ஏறும்போது நீ என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததால் மன்னித்தேன்.

பாதி மயக்கத்தில் திரையைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, சுத்தமாக ஒரு வழி போய்க்கொண்டே இருந்தது. உயிருள்ள குடலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் ஆறிப்போனவை. இது அசைந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு வளைவில் அது தெரிந்தது, காம்போடு, அவரைக்கொட்டை அளவு. டாக்டர் கம்பிச் சுருக்கைப் போட்டு அறுத்து எடுத்ததையும் பார்த்தேன். ஆட்டுக்குச் சுருக்குப் போடுகிற லாவகம். பையனுக்கு வயது முப்பது இருந்தால் அதிகம். இனி எவனாவது சின்ன வயது டாக்டர்களைக் கேலி செய்தால் நானும் சேர்ந்து செய்வேன், ஆனால் அரை மனதோடு.

சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பத்து நாள் ஆகும் என்று ரிப்போர்ட் வாங்க வந்த உன் அண்ணியிடம் சொன்னாயாம். எப்படி இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறாய். எப்படி இருந்தால் கெட்டது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரெண்டு பேரும் ராத்திரிச் சோற்றை டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம், டிவி ஓடவில்லை என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிகிறது.

ஷெட்டுக்குப் பின்னால் போவதை இந்த வாரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். செத்த கோழிகளை ஆள் வைத்துப் புதைக்கச் சொல்லிவிட்டேன். வேடிக்கையாக எழுத வேறு ஒன்றும் தோன்றவில்லை. சீக்கிரம் எழுது.

வேலுமணி


சேலம்
10.3.2025

அண்ணா,

கெட்டது இல்லை. முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள், அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

எடுத்தது சாதாரணக் கட்டி. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் சாதாரணமாக இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். முழுசாக வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்போதும் மிரட்டல் வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு இருந்ததால் நானும் பார்த்துக்கொள்ள வேண்டியவள்தான். போன வருஷமே பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. பவுடரை மூக்கைப் பிடித்துக் குடித்தேன், உங்களைப்போல் காவியம் எழுதவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறேன். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். எச்ச நிபுணர் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன், அதைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்ட வேண்டாம். மாத்திரை எதுவும் சாப்பிடாத காலத்தில் தார் மாதிரி கறுத்துப் போனால் அது வேறு, உடனே வர வேண்டும். எரிச்சல் குடல் உங்களோடு இருக்கத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஏழு டீயை ரெண்டாக்குங்கள். ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், உப்புசம் குறைந்தால் பால்தான் ஆகவில்லை என்று அர்த்தம். இசப்கோல் உமிப் பொடி ராத்திரி ஒரு கரண்டி, தண்ணீர் நிறைய. கஞ்சியே குடித்துக்கொண்டு இளைப்பதை விட்டுவிட்டுச் சோறு சாப்பிடுங்கள். சின்னுசாமியண்ணன் ஏதாவது தின்னச் சொன்னால் தின்னாதீர்கள்.

மாமனார் உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். பத்திரிகை எழுத்து முத்து முத்தாக இருந்ததாம் என்று பால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார். மலைக்குப் போய்ச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அதுவரை எழுத்திலேயே இருங்கள், குரலைவிட அதில் கொஞ்சம் சகிக்கிறீர்கள்.

நித்யஸ்ரீயிடம் மாமன் கோபமாக இல்லை என்று சொன்னேன். தெரியும் என்றாள். எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடியோ ஆவணி கடைசியிலேயே வந்துவிட்டது. கோபித்துக்கொண்டிருந்ததால் உங்களுக்கு யாரும் காட்டவில்லை. அதில் பட்டம் கட்டும் சீருக்கு மாமனைக் கூப்பிட்டதும், நீங்கள் வேட்டியை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோரணத்தைத் தலையில் இழுத்துக்கொண்டு, ஆண்கள் கழிப்பறை என்று எழுதியிருக்கும் கதவுக்குள் ஓடுகிறீர்கள். கேமராக்காரர் கதவு சாத்துகிறவரை எடுத்து, மேளச்சத்தம் சேர்த்திருக்கிறார். நான் சத்தியம் செய்தது நீங்கள் ஓடியதற்கில்லை, அப்புறமும் முகத்தை இறக்காமல் இருந்ததற்கு. வீட்டுக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்தோம். உங்கள் மானத்துக்காக என் மாமனாரிடம் மட்டும் மறைத்தோம், மற்ற எல்லோரும் பார்த்தாயிற்று, ராசு மாமா தினமும். அண்ணியும்.

ஜோதி